என் கட்டுரை வேறொருவர் பெயரில் உலவுகிறது, நான் எங்கே போவது?

டீச்சர் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். குடியாத்தத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பற்றியும் பாட்டி காலத்துத் தறி வீடுகளைப் பற்றியும் தன் முகநூல் பக்கத்தில் சில வருடங்களாக எழுதி வருகிறார். அதில் ஒரு கட்டுரை இப்போது மூன்று இடத்தில் கிடக்கிறது. ஒரு பெரிய முகநூல் பக்கத்தில் வேறொருவர் பெயரோடு, ஒரு யூடியூப் சேனலில் யாரோ வாசித்த வீடியோவாக, போன வருடத்து விழா மலர் ஒன்றில் 'நன்றி: இணையம்' என்ற அடிக்குறிப்போடு. 'காப்பிரைட் பதிவு செய்யவில்லை, அப்படியென்றால் எனக்கு உரிமை இல்லையா? போலீசில் புகார் கொடுக்கலாமா?' என்பது கேள்வி.

கேள்வி இவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் கடைசியில், 'நான் எழுதியது என்று சொன்னால் என் தங்கை பிள்ளைகளே, அது வாட்ஸ்அப்பில் வந்ததாச்சே என்கிறார்கள்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்குப் பணம் முக்கியமில்லை, யாரையும் உள்ளே தள்ளவும் வேண்டாம். எழுதியது நான் என்பது நிலைக்க வேண்டும். இதை ஏன் முதலிலேயே பிரித்துச் சொல்கிறேன் என்றால், பெயர் வேண்டும் என்பவருக்கு ஒரு வழி, நீக்க வேண்டும் என்பவருக்கு இன்னொரு வழி, நஷ்ட ஈடு வேண்டும் என்பவருக்கு வேறொரு வழி. மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் ஒன்றும் நடக்காது. நான் வேலூரில் சிவில் வழக்கு நடத்தும் வக்கீல். பாகப்பிரிவினை, வாடகைத் தகராறு, செக் கேஸ் இவற்றுக்கு நடுவில் எழுத்துத் திருட்டு எப்போதாவது ஒன்று வரும். வந்தவற்றில் பெரும்பாலானவை தாவா, அதாவது சிவில் வழக்கு, போடாமலே முடிந்தவை, அதனால் கோர்ட்டுக்கு வெளியே என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை பதிவால் வருவதில்லை, எழுதும்போதே வந்துவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது இருக்கும். பதிவு என்பது, 'இவர்தான் உரிமையாளர் என்று முதல் பார்வைக்கு எடுத்துக்கொள்ளலாம்' என்று கோர்ட்டுக்குக் காட்ட உதவும் ஒரு சான்று, அவ்வளவுதான். ஆன்லைனிலேயே படிவம் 14-ஐ நிரப்பி, ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பார்கள், அப்புறம்தான் பரிசீலனை. திருட்டு நடந்த பிறகும் பதிவு செய்யலாம். எழுதியதைக் கவரில் போட்டு ஒட்டித் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கம் நம் ஊர் எழுத்தாளர்கள் சிலரிடம் உண்டு. அதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் கிடையாது. தேதியோடு உங்கள் பக்கத்தில் வெளியான பதிவு அதைவிட நல்ல சாட்சி.

அடுத்து, உங்களுக்கு எது சொந்தம், எது சொந்தமில்லை என்பது. இதில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். வைகாசி முதல் நாள் சிரசு ஊர்வலம் நடக்கிறது என்ற செய்தி யாருக்கும் சொந்தமில்லை. கௌண்டன்யா ஆற்றங்கரையில் கோயில் இருப்பதும், 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததும் அப்படித்தான். பழைய வட ஆற்காடு மாவட்ட மேனுவல் 1881-இல் வந்தது, அதற்கு இன்று யாரும் உரிமை கேட்க முடியாது. நீங்கள் அதைத் தேடிப் படித்து ஒரு தகவலைக் கண்டெடுத்திருந்தால், தேடிய அலைச்சல் உங்களுடையது, தகவல் பொது. கருவுக்கும் கதைப்போக்குக்கும் வரலாற்றுச் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, 'என் தலைப்பில் அவரும் எழுதிவிட்டார்' என்பது புகார் ஆகாது. 'பாட்டி தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிரசு வரும் சத்தத்தைக் கேட்பாள்' என்று நீங்கள் எழுதிய பத்தி அங்கே அப்படியே இருக்கிறது என்றால் அது புகார்.

நீங்கள் அனுப்பிய கேள்வியில் ஒரு தங்கமான விவரம் இருக்கிறது, நீங்களே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மாவின் உண்மைப் பெயரைப் போட வேண்டாம் என்று ஒரு கற்பனைப் பெயர் வைத்ததாகவும், அந்தக் கற்பனைப் பெயரே முகநூல் பக்கத்திலும் மலரிலும் வந்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கஷ்டம். 'நானும் அதே ஊர்தான், நானும் விசாரித்து எழுதினேன்' என்று அவர் சொல்லலாம். இல்லாத ஒரு பெயரை எப்படி விசாரித்தார்? எழுத்துப்பிழை, தவறான வருடம், நீங்கள் மட்டும் போடும் விசித்திரமான நிறுத்தக்குறி, இவையும் இதே வேலையைச் செய்யும். அதனால் உங்கள் மூலப் பதிவில் இருக்கும் பிழைகளை இப்போது போய்த் திருத்தாதீர்கள். ஆசிரியை என்பதால் கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'பொதுவெளியில் போட்டால் பொதுச்சொத்துதானே' என்ற வாதம் கட்டாயம் வரும். அது தவறு. முகநூலில் எழுதும்போது அந்த நிறுவனத்துக்குத்தான் ஓர் அனுமதி கொடுக்கிறீர்கள், அதிலிருக்கும் மற்றவர்களுக்கு இல்லை. பகிர்வு பட்டனை அழுத்தினால் உங்கள் பெயரோடு போகிறது, அதில் பிரச்சினை இல்லை. வெட்டி ஒட்டி 'படித்ததில் பிடித்தது' என்று போடுவது வேறு. 'நன்றி: இணையம்' என்பது அதைவிட வேடிக்கை, இணையம் எப்போது கட்டுரை எழுதியது? விமர்சனத்துக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ சில வரிகளை மேற்கோள் காட்ட, பிரிவு 52 இடம் கொடுக்கிறது. முழுக் கட்டுரையையும் தூக்கிப் போட இடம் கொடுக்கவில்லை. கோயில் சம்பந்தப்பட்டது என்பதால் ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். உண்மையான சமயச் சடங்கின்போது ஒரு படைப்பை வாசிப்பதோ நிகழ்த்துவதோ மீறல் ஆகாது என்று அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. விழாவின் நடுவே உங்கள் கட்டுரையை யாராவது மைக்கில் படித்திருந்தால் அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். மலரில் அச்சிடுவதற்கு அந்த விலக்கு உதவாது. அதேபோல, விழாக் குழு உங்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியதாலோ, 'உங்களுடையதைப் போட்டுக்கொள்கிறோம் டீச்சர்' என்று யாரோ போனில் சொன்னதாலோ உரிமை கைமாறிவிடாது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

பெயர் சம்பந்தமாக உங்களுக்கு இருக்கும் பலமான ஆயுதம் பிரிவு 57. 'இதை எழுதியவர் நான்' என்று கோரும் உரிமை அது. பதிப்புரிமையை நாளைக்கே ஒரு பதிப்பகத்துக்கு விற்றுவிட்டாலும் இந்த உரிமை உங்களோடேயே இருக்கும். உங்கள் மதிப்பைக் கெடுக்கும்படி எழுத்தைச் சிதைத்தாலும் இதே பிரிவின்கீழ் தட்டிக் கேட்கலாம். பணத்துக்காகப் போராடாதவர்களுக்கு இதைவிட ஏற்ற பிரிவு இல்லை.

இனி, செய்ய வேண்டியது. அந்தப் பக்கத்தில் போய் ஒரு கமெண்ட் போடுவதற்கு முன்னால் ஆதாரத்தைச் சேகரித்துவிடுங்கள். கமெண்ட் போட்ட ஐந்தாவது நிமிஷம் பதிவு மறைந்துபோய், உங்களையும் பிளாக் செய்துவிடுவார்கள். முகவரிப் பட்டையும் தேதியும் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், செல்போனைவிடக் கம்ப்யூட்டரில் எடுப்பது நல்லது. இணைப்பைத் தனியாகக் காப்பி செய்து வையுங்கள். பொதுவாகத் திறக்கக்கூடிய வலைப்பக்கம் என்றால் வேபேக் மெஷின் என்ற ஆவணக் காப்பகத்தில் சேமித்துவிடலாம், உங்கள் கையில் இல்லாத மூன்றாம் இடத்தில் ஒரு நகல் இருப்பது பலம். முகநூல் பதிவுகள் அதில் பல சமயம் சரியாகப் பதிவாகாது, அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வீடியோவை, சேனல் பெயரும் பதிவேற்றிய தேதியும் தெரிய, ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். மலரில் இரண்டு பிரதி வாங்கி வையுங்கள், அச்சகத்தின் பெயர் இருக்கும் பக்கம் கிழியாமல் இருக்கட்டும். அப்புறம் உங்கள் பக்கம். முகநூல் அமைப்புகளில் உங்கள் தகவல் முழுவதையும் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதை எடுத்து ஒரு பென்டிரைவில் போடுங்கள். முதலில் நோட்டில் கையால் எழுதினேன் என்கிறீர்கள், அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை வெறுமனே பிரின்ட் எடுத்துக் கோர்ட்டில் நீட்டினால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியில், எப்படி எடுத்தது என்று நீங்கள் கையெழுத்திடும் பகுதி ஒன்று, நிபுணர் கையெழுத்திடும் பகுதி ஒன்று, ஃபைலின் ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) அதில் இருக்கும். இதை இப்போதே செய்ய வேண்டியதில்லை, ஆனால் எந்தக் கருவியில் எந்த நாள் எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தக் கருவியை விற்றுவிடாதீர்கள்.

ஆதாரம் கைக்கு வந்ததும் நேரடியாகப் பேசலாம். என் அனுபவத்தில் அதிகம் பலித்தது இதுதான். முகநூல் பக்கத்துக்குத் தனிச்செய்தியில் இப்படி எழுதினால் போதும்: 'வணக்கம். இந்தத் தேதியில் என் பக்கத்தில் வெளியான என் கட்டுரை, என் அனுமதியில்லாமல் வேறொருவர் பெயரில் உங்கள் பக்கத்தில் வந்திருக்கிறது. இரண்டு இணைப்பையும் கீழே கொடுத்திருக்கிறேன். ஏழு நாளுக்குள் முதல் வரியில் என் பெயரையும் மூல இணைப்பையும் சேருங்கள், அல்லது நீக்கிவிடுங்கள். அனுமதியில்லாமல் போட்டது பற்றிய என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை.' கடைசி வரி முக்கியம். 'உன்னை ஜெயிலில் தள்ளுவேன்' என்பதெல்லாம் வேண்டாம். ஆதாரமில்லாமல் பதிப்புரிமை வழக்கு போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவரே கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கப் பிரிவு 60 வழி செய்கிறது. உங்கள் பக்கத்தில் அவர் படத்தைப் போட்டு 'திருடன்' என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதியை மட்டும் போடுங்கள். படிப்பவர்கள் முட்டாள்கள் இல்லை.

அவர் மசியவில்லை என்றால் முகநூல், யூடியூப் இரண்டிலும் பதிப்புரிமைப் புகாருக்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. சாதாரண 'ரிப்போர்ட்' பட்டனை நூறு பேரை அழுத்தச் சொல்வதால் பயனில்லை, உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் இந்தப் படிவத்தைப் போட வேண்டும். இவை 1998-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியவை. சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி கேட்பார்கள், பொய் சொன்னால் பொறுப்பு உண்டு. யூடியூபில் உடனே நீக்காமல் ஏழு நாள் அவகாசம் கொடுத்து நீக்கும் தேர்வும் உண்டு. அதற்குள் அவரே எடுத்துவிட்டால் அவர் சேனலுக்குத் தண்டனைப் புள்ளி விழாது. உங்களைப் போன்றவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: புகார் கொடுத்தவரின் பெயரும் தொடர்பு விவரமும் எதிர்த்தரப்புக்குப் போக வாய்ப்பு உண்டு. வீட்டு முகவரி, சொந்த செல் நம்பர் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், இதற்கென்று ஒரு தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வக்கீல் மூலம் போடுங்கள். அவர் எதிர்ப்பு மனு கொடுத்துவிட்டால், நீங்கள் கோர்ட்டுக்குப் போயிருப்பதைக் காட்டாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் நீக்கிய பதிவு திரும்ப வந்துவிடும். நம் நாட்டுச் சட்டத்திலும் இணையத் தளங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கும் வழி இருக்கிறது. விவரம் சரியாக இருந்தால் 36 மணி நேரத்தில் 21 நாளைக்கு அணுகலை நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் அந்த 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வாங்கித் தர வேண்டும், தருவேன் என்று உறுதியும் எழுதித் தர வேண்டும். வழக்குப் போடும் உத்தேசம் இல்லாதவருக்கு இந்த வழி ஒத்துவராது.

வீடியோவைப் பற்றி. எழுத்தை வாசித்துப் பதிவு செய்வதும் பொதுமக்களுக்கு ஒளிபரப்புவதும் எழுத்தாளரின் உரிமைக்குள்தான் வருகிறது. வரிக்கு வரி வாசித்திருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் 'கொஞ்சம் மாற்றித்தான் பேசுகிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு மாற்றம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாக்கியங்களை முன்பின்னாக்கி, சொற்களை மட்டும் மாற்றியிருந்தால் இன்னும் உங்கள் பக்கம் வலுதான். தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு தன் பேச்சில் சொல்லியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் எந்த வக்கீலும் இதற்கு உறுதி சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. அவர் பேச்சை எழுத்தாக்கி, உங்கள் கட்டுரையோடு ஒத்துப்போகும் வரிகளுக்கு மஞ்சள் பூசிப் பாருங்கள். தாளில் பாதிக்கு மேல் மஞ்சள் என்றால் படிவத்தைப் போடலாம்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். தெரிந்தே மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையில்லாத குற்றம் இது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, இது உறுதி. உறுதியில்லாதது, ஸ்டேஷனில் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது. 'இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க' என்று சொல்லக்கூடும். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தண்டனையைக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமும் இருக்கிறது. உங்கள் கட்டுரையைப் புத்தகமாகப் போட்டு விற்றிருந்தால் நானே புகார் எழுதித் தருவேன். இந்த மூன்றுக்கும் போலீஸ் வேண்டாம் என்பது என் கருத்து, வேறு வக்கீல் வேறு மாதிரி சொல்லலாம்.

கோர்ட்டுக்குப் போவது என்றால், இந்த வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடக்காது, மாவட்ட நீதிமன்றத்தில்தான். ஒரு பெரிய வசதி, எதிராளி சென்னையிலோ கோவையிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாவா போடலாம். அதாவது குடியாத்தத்திலிருந்து, வேலூர் மாவட்ட நீதிமன்றம் இருக்கும் சத்துவாச்சாரி வரை பஸ்ஸில் வந்தால் போதும். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம், பலர் இதைக் கேட்டுப் பெறுவதில்லை. கோர்ட்டில் கிடைக்கக்கூடியது தடையுத்தரவும் உங்கள் பெயரை ஒப்புக்கொள்ளும் தீர்ப்பும். நஷ்ட ஈடு கிடைத்தாலும் வாய்தாவுக்கு அலைந்த செலவுக்குக் காணுமா என்பது சந்தேகம்.

மலர்க் குழுவை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஊர்க்காரர்கள், நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்துப் போட்டோம், யாருடையது என்று தெரியாது என்பார்கள். உரிமை இருப்பது தெரியாது, சந்தேகப்படக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால் நஷ்ட ஈட்டிலிருந்து சட்டம் அவர்களை விட்டுவிடும், தடையுத்தரவும் லாபத்தில் பங்கும்தான் கிடைக்கும். விழா மலரில் என்ன லாபம்? அதனால் நோட்டீஸ் வேண்டாம். மூலப் பதிவின் நகலோடு ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருட மலரில் ஒரு திருத்தக் குறிப்பும், மிச்சமிருக்கும் பிரதிகளில் உங்கள் பெயர் அச்சிட்ட ஒரு ஒட்டுச்சீட்டும் கேளுங்கள், அச்சகத்துக்கு அது பெரிய செலவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போனால் காலக்கெடுவை மனதில் வையுங்கள். மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தாவா போட வேண்டும். மலர் போன வைகாசியில் வந்தது என்பதால் இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் கடிதத்தை இந்த வருட மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.